வெள்ளம் புகுந்த வீட்டைக் காய வைக்க டீஹியூமிடிஃபையர்: வாடகைக்கு எடுக்கலாமா?

நித்யகல்யாணி | 13 டிசம்பர் 2023, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கரணையில் எங்களுடையது தரைத்தள வீடு. மிக்ஜாம் மழையில் 4-ஆம் தேதி தண்ணீர் உள்ளே வந்து கூடத்தில் மூன்றடிக்கு நின்றது. வடிந்ததும் சேற்றை வாரி, கழுவித் துடைத்துவிட்டோம். இப்போது தாம்பரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறோம்.

பிரச்சினை சுவர்தான். தண்ணீர் நின்றது மூன்றடி, ஆனால் ஓதம் நாலடிக்கு ஏறியிருக்கிறது. கையை வைத்தால் சில்லென்று இருக்கிறது. பீரோவை நகர்த்திப் பார்த்தால் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். அம்மாவுக்கு வீசிங் உண்டு, அவரை இந்த நிலையில் உள்ளே கூட்டிப் போக முடியாது.

பெயின்டர் வந்து பார்த்தார். ஒரு வாரம் ஃபேன் போட்டு வையுங்கள், பட்டி பார்த்து, வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் கொடுத்து, பொங்கலுக்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார். மைத்துனர் காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் மெஷின், அதாவது டீஹியூமிடிஃபையர், வாடகைக்குக் கிடைக்கிறது, அதைப் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்கிறார். வாடகை நாள் கணக்கில், கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கிறது. யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? உண்மையில் பலன் உண்டா?


மொட்டைமாடி | 13 டிசம்பர் 2023, இரவு 10:15

வேண்டாம் மேடம். 2015-இல் எங்கள் தெரு முழுக்க இடுப்பளவு தண்ணீர். அப்போது யாரிடம் மெஷின் இருந்தது? ஜன்னலைத் திறந்து வைத்தோம், ஃபேன் ஓடியது, மாசி வெயில் வந்ததும் காய்ந்தது. வெள்ளம் வந்தால் போதும், வாடகைக்காரர்களும் கிளம்பிவிடுகிறார்கள்.


குளிர்பதனி | 14 டிசம்பர் 2023, காலை 6:50

ஏசி, கோல்டு ரூம் வேலையில் இருப்பவன். மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்கிறேன், எடுப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

வாடகைக்கு வருவது பெரும்பாலும் கம்ப்ரசர் வகை. உள்ளே ஒரு குளிர்ந்த காயில், பின்னால் ஒரு சூடான காயில். அறைக் காற்று குளிர்ந்த காயிலில் பட்டதும் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகி வாளியில் விழும். அதே காற்று சூடான காயில் வழியாகப் போய் வறண்டு, கொஞ்சம் சூடாக வெளியே வரும். அந்தச் சூடு உங்களுக்கு நல்லதுதான், சுவர் சூடானால் ஈரம் வேகமாக வெளியே வரும். பலர் ஏசியை டிரை மோடில் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். ஓதமான நாளில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலேயே எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது அறையையும் சுவரையும் குளிர வைக்கும். குறித்த குளிர் வந்ததும் கம்ப்ரசர் நின்றுவிடும். ப்ளோயர் மட்டும் ஓடினால் காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் திரும்ப அறைக்குள்ளேயே வரும்.

இன்னொன்று, பெட்டியில் ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்த எண் பொதுவாக 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது எடுத்தது. அறை காய்ந்து 60 சதவீதத்துக்கு இறங்கியதும் அதே மெஷின் பாதிக்குப் பக்கமாகத்தான் எடுக்கும். முதல் நாள் வாளி நிரம்பி வழியும், போகப்போகக் குறையும். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

மொட்டைமாடி சாருக்கு: மாசி வரை காத்திருக்க முடிந்தால் வெயிலே போதும். இந்த மேடத்தின் அம்மாவுக்கு அவ்வளவு காலம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.


சிவில்ராசா | 14 டிசம்பர் 2023, காலை 8:30

சைட் இன்ஜினியர். முதலில் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்ப்போம், அது தெரியாமல் மெஷினைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பத்துக்குப் பத்து அறை, நான்கு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர், ஓதம் நாலடி. சுற்றளவு 40 அடி. 40 × 4 × 0.75 என்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3.4 கன மீட்டர். எடை 6 டன் வரும். செங்கல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தால் தன் எடையில் 20 சதவீதம் வரை குடிக்கலாம் என்று இந்தியத் தரநிலையே அனுமதிக்கிறது. உங்கள் சுவர் 10 சதவீதம்தான் குடித்தது என்று குறைத்துப் பிடித்தாலும் 600 லிட்டர். ஒரே அறையில்! வெளிச்சுவர்களில் பாதி வெளிப்பக்கமாகப் போகும் என்று வைத்துக்கொண்டாலும் 300, 400 லிட்டர் அறைக்குள்தான் வர வேண்டும்.

இந்தத் தண்ணீர் இரண்டு கட்டமாக வெளியேறும். முதல் கட்டத்தில் மேற்பரப்பு நனைந்தே இருக்கும், காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு வேகமாக உலரும். இங்கேதான் மெஷினும் ஃபேனும் காசுக்கு வேலை செய்யும். இரண்டாவது கட்டத்தில் மேலே காய்ந்துவிடும், ஈரம் செங்கலின் நடுவிலிருந்து மெல்லக் கசிந்து வர வேண்டும். அப்போது எவ்வளவு பெரிய மெஷின் வைத்தாலும் அது சுவரின் வேகத்துக்குத்தான் காத்திருக்கும். இந்த இரண்டாவது கட்டத்தில் தொட்டுப் பார்த்தால் சுவர் காய்ந்த மாதிரியே தெரியும். பெயின்டர்கள் பட்டி பூசத் தொடங்குவது இந்த நேரத்தில்தான்.

தயவுசெய்து ஒரு வாரத்தில் பட்டி பார்க்க விடாதீர்கள் மேடம். உங்கள் சுவரில் ஏற்கெனவே அக்ரிலிக் எமல்ஷன் பெயின்ட் இருந்தால் ஈரம் வெளியேற அதுவே ஒரு தடை. அதன் மேல் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங்கும் போட்டால் ஈரம் உள்ளேயே அடைபடும், மேலே ஐந்தடி, ஆறடி என்று ஏறும். அடுத்த ஆடிக்குள் பட்டி உப்பிக்கொண்டு தகடு தகடாகப் பெயர்ந்து வரும். நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று சொல்பவர்களுக்கும் இதே பதில்தான்.


நித்யகல்யாணி | 14 டிசம்பர் 2023, மதியம் 1:05

600 லிட்டரா? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. எமல்ஷன்தான் அடித்திருக்கிறோம், மூன்று வருடம் ஆகிறது. அப்படியானால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டுமா, பூச்சையே கொத்த வேண்டுமா? இன்னொரு சந்தேகம். மெஷின் ஓடும்போது ஜன்னலைத் திறப்பதா மூடுவதா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.


குளிர்பதனி | 14 டிசம்பர் 2023, மாலை 7:20

ஜன்னல் கேள்விக்கு நான் சொல்கிறேன், கொத்துவதைப் பற்றி ராசா சார் சொல்லட்டும்.

கடையில் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. இரண்டு வாங்குங்கள், ஒன்று உள்ளே, ஒன்று வெளியே நிழலில். சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம், வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் என்பதுதான் உண்மையான அளவு. உதாரணத்துக்கு இப்போது வெளியே 26 டிகிரி, 85 சதவீதம் என்றால் சுமார் 21 கிராம். உங்கள் மூடிய வீட்டுக்குள் 29 டிகிரி, 90 சதவீதம் என்றால் 26 கிராம். வெளிக்காற்று வறண்டது, ஆகவே எல்லாவற்றையும் திறந்து விடுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள். கரன்ட் செலவு குறைவு, பலன் அதிகம்.

இதே வீட்டில் மெஷின் ஓடி 31 டிகிரி, 50 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்றால் உள்ளே 16 கிராம். இப்போது ஜன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து 21 கிராம் காற்று உள்ளே வரும். தெருவையே காய வைப்பதற்கு நீங்கள் கரன்ட் பில் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே மெஷின் ஓடும் அறைக்குக் கதவு, ஜன்னல், லாஃப்ட் ஜாலி, ஏசி குழாய் போகும் ஓட்டை எல்லாம் அடைக்க வேண்டும். அறை அறையாகச் செய்யுங்கள். வீடு முழுக்க ஒரே மெஷினை வைத்துவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

கூடவே ஒரு பெடஸ்டல் ஃபேனைச் சுவருக்குச் சாய்வாகத் திருப்பி வையுங்கள். சுவரை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை அது தள்ளிக்கொண்டே இருந்தால்தான் மெஷினுக்கு வேலை வரும். வாளியை நம்பாமல் டிரெயின் குழாயைப் பாத்ரூம் தரைக்கு விட்டுவிடுங்கள். இல்லையென்றால் நடு இரவில் வாளி நிரம்பி மெஷின் தானாக நின்றுவிடும், காலையில்தான் தெரியும்.


சிவில்ராசா | 14 டிசம்பர் 2023, இரவு 9:00

ஓதம் தெரியும் உயரத்துக்கு மேலே ஓரடி சேர்த்து, அதாவது ஐந்தடிக்குப் பெயின்ட்டையும் பட்டியையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். பூச்சைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் செங்கல் வரை கொத்திவிடுங்கள், அது எப்படியும் நிற்காது. கெட்டியாக இருக்கும் இடத்தை விட்டுவிடலாம். கொத்தும்போது மெஷினை வெளியே வையுங்கள், தூசி ஃபில்டரை அடைத்துவிடும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். அங்கே நிலத்தடி நீர் இப்போது கிட்டத்தட்ட தரைமட்டத்தில் நிற்கும். உங்கள் டைல்ஸுக்குக் கீழே மணல், அதற்குக் கீழே நிரப்பிய மண், எல்லாம் நனைந்திருக்கும். விட்ரிஃபைடு டைல்ஸ் வழியாக ஈரம் மேலே வர முடியாது, ஆகவே அது பக்கவாட்டில் போய்ச் சுவரில் ஏறும். அடித்தளத்தில் ஓதத் தடுப்புப் படுகை, அதாவது மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் அடுக்கு, ஒழுங்காக இல்லாத வீடு என்றால் நீங்கள் மெஷின் வைத்து ஒரு பக்கம் எடுக்க, சுவர் இன்னொரு பக்கம் பூமியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் கிணறு இருந்தால் எட்டிப் பாருங்கள். நீர்மட்டம் நாலைந்து அடியாவது இறங்கிய பிறகு மெஷினை எடுத்தால் வாடகை வீணாகாது. அதுவரை ஜன்னலும் ஃபேனும் போதும். இந்த இடத்தில் மொட்டைமாடி சார் சொன்னது சரிதான்.


மொட்டைமாடி | 14 டிசம்பர் 2023, இரவு 9:45

நன்றி ராசா சார். நான் மெஷினே கூடாது என்று சொல்லவில்லை, அவசரப்பட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன். இந்த மாதம் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பைக் என்று எல்லாம் போயிருக்கும். கையில் இருக்கும் காசு எதற்கு முதலில் போக வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும்.


கரன்ட்டுக்காரன் | 15 டிசம்பர் 2023, காலை 7:00

முதலில் வயரிங்குக்குப் போக வேண்டும்.

கன்சீல்டு வயரிங் உள்ள வீடுகளில் சுவருக்குள் இருக்கும் பைப்பில் தண்ணீர் தேங்கி நிற்கும். சுவிட்ச் பாக்ஸைக் கழற்றினால் இன்னும் சொட்டுவதைப் பார்க்கலாம். கரன்ட் வந்துவிட்டது, லைட் எரிகிறது என்பதற்காக எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எலக்ட்ரீஷியனை வைத்து மூழ்கிய பாயின்ட்டுகளை எல்லாம் திறந்து காய வைத்து, மெகர் என்ற மீட்டரைப் போட்டு வயரின் இன்சுலேஷன் பார்த்த பிறகே மெஷினைச் சொருகுங்கள். கரன்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீடு என்றால் இப்போதே போட்டுவிடுங்கள். ஈரச் சுவர், ஈரத் தரை, இரவும் பகலும் ஓடும் மெஷின், இது மூன்றும் சேர்ந்த இடத்தில் அது உயிர் காக்கும். மூழ்காத உயரத்தில் இருக்கும் பாயின்ட்டிலிருந்து லைன் எடுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போட வேண்டாம்.

கரன்ட் இல்லாத பகுதியில் இருப்பவர்கள் ஜெனரேட்டரை வராண்டாவில்கூட வைக்காதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது.

செலவு: 300 வாட் மெஷின் நாள் முழுக்க ஓடினால் 7 யூனிட். இரண்டு மாத பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும், வாடகையோடு அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.


கார்லைல்குமரன் | 16 டிசம்பர் 2023, மாலை 5:30

இங்கிலாந்தில் வெள்ளச் சேத மீட்பு வேலையில் இருக்கிறேன். கார்லைல் நகரம் 2005 ஜனவரியிலும் 2015 டிசம்பரில் டெஸ்மண்ட் புயலிலும் மூழ்கியது. சென்னை மூழ்கிய அதே வாரம்தான் அந்த இரண்டாவது வெள்ளம்.

இங்கே இன்ஷூரன்ஸ்தான் எல்லாவற்றையும் நடத்துகிறது. மெஷின்கள் வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் ஓடும். முடிவில் ஈரம் அளந்து, காய்ந்துவிட்டது என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் பூச்சு வேலை தொடங்கும். ஆனால் மெஷின் வருவதற்கு முன்னால் நாங்கள் செய்வதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஜிப்சம் பலகை, மரத்தரை, சுவருக்குள் இருக்கும் பஞ்சு எல்லாவற்றையும் பிய்த்து வெளியே போட்டுவிடுவோம். தண்ணீரைத் தண்ணீராகவே எடுத்துவிட வேண்டும், பம்ப், வெட் வேக்கூம், மாப் எதுவானாலும் சரி. அதை ஆவியாக்கி எடுப்பதற்கு ஆகும் கரன்ட் பல மடங்கு. உங்கள் வீட்டில் நனைந்த பார்ட்டிகிள் போர்டு கப்போர்டு, ஷூ ரேக், மெத்தை இன்னும் உள்ளே இருந்தால், அதன் ஈரத்தையும் சேர்த்துத்தான் மெஷின் எடுத்துக்கொண்டிருக்கும். உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டு திரும்பச் சரியாகாது, மனசு கேட்காவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சுவர் விஷயத்தில் நாங்கள் சொல்லும் கைக்கணக்கு ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம். 9 அங்குலச் சுவர் இரண்டு பக்கமும் மூச்சு விட்டால் நாலரை மாதம். சென்னை வெப்பத்தில் இதைவிடச் சீக்கிரமாகவே முடியும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாத வீடுகளுக்கு சிலிக்கா ஜெல் சக்கரம் வைத்த டெசிகன்ட் மெஷின் போடுவோம், ஏனென்றால் குளிரில் கம்ப்ரசர் வகையின் காயிலில் பனி கட்டிவிடும். உங்கள் ஊருக்கு அது தேவையில்லை. அதைக் காட்டி அதிக வாடகை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.


நித்யகல்யாணி | 17 டிசம்பர் 2023, இரவு 8:10

நன்றி குமரன் அண்ணா. கப்போர்டுகளைப் பிரித்துவிட்டோம். பின்பக்கப் பலகையைக் கழற்றியதும் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது, அத்தனை நாளும் அது அங்கேயே நின்றிருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். பாட்டி கொடுத்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று பூஜை அறையில் இருந்தது. அடிப்பாகம் நனைந்துவிட்டது. மெஷின் ஓடும் அறையிலேயே அதையும் வைத்துக் காய வைக்கலாமா?


பழஞ்சுவடி | 17 டிசம்பர் 2023, இரவு 10:50

வைக்காதீர்கள் அக்கா. இதற்காகத்தான் லாகின் செய்தேன்.

தஞ்சாவூர் ஓவியம் மரப்பலகை, அதன் மேல் துணி, அதன் மேல் சுண்ணப் பூச்சு, அதன் மேல் வண்ணமும் தங்க ரேக்கும். நனைந்த மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சால் அதோடு சேர்ந்து சுருங்க முடியாது. வேகமாகக் காய வைத்தால் பலகை வளைந்து பூச்சு செதில் செதிலாக எழும்பிவிடும். 1966 நவம்பர் 4-இல் ஆர்னோ ஆறு இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகருக்குள் புகுந்தபோது நூற்றுக்கணக்கான பலகை ஓவியங்கள் நனைந்தன. அவற்றை போபோலி தோட்டத்தில் இருந்த லிமோனாயா என்ற கட்டடத்துக்குக் கொண்டுபோனார்கள். எலுமிச்சை மரத் தொட்டிகளைக் குளிர்காலத்தில் வைக்கும் கட்டடம் அது. அங்கே காற்றின் ஈரப்பதத்தை முதலில் 90 சதவீதத்துக்கு மேலேயே வைத்திருந்து, மாதக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தார்கள். பழைய இத்தாலிய ஓவியர் சிமாபுயே வரைந்த புகழ்பெற்ற சிலுவையும் அங்கேதான் இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கண்ணாடியையும் பின் அட்டையையும் மட்டும் மெதுவாகக் கழற்றி, படத்தைப் படுக்க வைத்து, ஃபேனும் வெயிலும் நேரே படாத அறையில் விடுங்கள். வண்ணத்தைத் துடைக்க வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் பாதுகாப்புப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டுப் பாருங்கள். தேக்குக் கதவு, ஊஞ்சல் பலகை எல்லாவற்றுக்கும் இதே நிதானம்தான்.


ஆத்தூர்க்காரர் | 24 டிசம்பர் 2023, காலை 11:15

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். 18-ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி எங்கள் தெருவில் ஓடியது. இன்றைக்குத்தான் கரன்ட்டும் நெட்டும் ஒழுங்காக வந்தது, இந்த இழையை முழுக்கப் படித்தேன். எங்கள் பக்கம் மெஷின் வாடகைக்கு எங்கேயும் கேள்விப்படவில்லை. வீடு தாத்தா காலத்தது, சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய தடிச் சுவர். இரண்டு அறை மட்டும் பிற்பாடு சிமென்ட் பூசியது. நாங்கள் என்ன செய்வது?


சிவில்ராசா | 24 டிசம்பர் 2023, மதியம் 2:40

அண்ணாச்சி, சுண்ணாம்புச் சுவர் உள்ள அறைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். வெள்ளையடித்த சுவர் என்றால் இன்னும் நல்லது. வண்டலைக் கழுவி, கதவு ஜன்னல்களைத் திறந்து போட்டால் மெதுவாகக் காயும். சிமென்ட் பூசிய இரண்டு அறையில்தான் சிக்கல் வரும், அங்கே அடிப்பாகத்துப் பூச்சைக் கொத்தி எடுத்துவிடுங்கள். திரும்பப் பூசும்போது சுண்ணாம்பையே பூசுங்கள்.

சுவர் காயக் காய வெள்ளையாக உப்புப் பூக்கும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். பூஞ்சணத்துக்கு இதற்கு நேர்மாறு: உலர்ந்த பிரஷ் கூடாது, வித்து காற்றில் பறக்கும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் போடும் இடத்தில் ஆசிட்டோ டாய்லெட் கிளீனரோ சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.


நித்யகல்யாணி | 19 ஜனவரி 2024, இரவு 9:20

பொங்கல் அக்கா வீட்டில்தான். பெயின்டரை இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம், அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஐந்தடிக்குச் சுரண்டியாயிற்று, கூடத்தில் ஒரு பக்கம் செங்கல் வரை கொத்தினோம். எதிர்வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நன்றாக இறங்கியிருக்கிறது. இந்த வாரம்தான் மெஷின் எடுத்தோம், அம்மா படுக்கும் அறைக்கு மட்டும். எலக்ட்ரீஷியன் சொன்னபடி மேல் பாயின்ட்டிலிருந்து லைன், டிரெயின் குழாய் பாத்ரூமுக்கு. உள்ளே மீட்டர் 30 டிகிரி, 52 சதவீதம் காட்டுகிறது. எப்போது நிறுத்தலாம், எப்போது பூசலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கடைக்காரர் ஊசி வைத்த மீட்டர் ஒன்று காட்டினார், வாங்கட்டுமா?


கார்லைல்குமரன் | 20 ஜனவரி 2024, மதியம் 3:00

நல்ல வரிசையில் செய்திருக்கிறீர்கள். ஊசி மீட்டர் மின்கடத்தலை வைத்து அளப்பது. சுவரில் உப்பு இருந்தால் காய்ந்த சுவரையும் ஈரம் என்று காட்டும், வெள்ளம் பட்ட சுவரில் உப்பு இல்லாமல் இருக்காது. மேல் சுவரில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்து வாராவாரம் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது உதவும், காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடிமனான பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.


குளிர்பதனி | 20 ஜனவரி 2024, மாலை 6:45

மெஷினை எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதற்கு என் யோசனை: காலையில் மெஷினை அணைத்து, அறையை மூடியே வைத்து, மறுநாள் காலை மீட்டரைப் பாருங்கள். 52-லிருந்து 75, 80-க்கு ஏறிவிட்டால் சுவர் இன்னும் நிறையக் கொடுக்கிறது, ஓட விடுங்கள். 60 பக்கம் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்குள் வெளிக்காற்றும் வறண்டிருக்கும், மீதியை ஜன்னலும் ஃபேனும் பார்த்துக்கொள்ளும்.

ஃபில்டரை வாரம் ஒரு முறை தட்டிக் கழுவுங்கள், கொத்திய வீட்டில் தூசி அடங்க நாளாகும்.


நித்யகல்யாணி | 22 ஜனவரி 2024, காலை 8:05

நேற்று அணைத்து வைத்தோம், இன்று காலை 71. ஆகவே மெஷின் இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஷீட்டை மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன். வெளிச்சுவர் இரண்டிலும் லேசாகத்தான் பனித்திருக்கிறது, பாத்ரூம் பக்கத்துச் சுவரில் முத்து முத்தாகக் கோத்திருக்கிறது. அங்கே வெள்ளத்து ஈரம்தானா, குழாய்க் கசிவு ஏதும் இருக்குமா?


சிவில்ராசா | 22 ஜனவரி 2024, காலை 9:30

பாத்ரூம் குழாய்களுக்குப் போகும் வால்வை மூடிவிட்டு இரண்டு நாள் அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தாமல் இருங்கள். மெஷின் டிரெயினையும் அதுவரை சமையலறைப் பக்கம் மாற்றிவிடுங்கள். பிறகு அதே இடத்தில் புது ஷீட் ஒட்டிப் பாருங்கள். துளி குறைந்தால் குழாய், குறையாவிட்டால் வெள்ளம். குழாய் என்றால் பிளம்பரை வைத்து அதை முதலில் சரிசெய்யுங்கள், அதற்கு முன்னால் அந்தச் சுவருக்கு மெஷின் வாடகை கொடுக்க வேண்டாம்.